கார்பன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. கார்பன் பாடம் வந்தால் ஒவ்வொரு வருடமும் இதே கேள்விகள்தான், பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று இவற்றையேதான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுப்பிலோ எஞ்சினிலோ கார்பன் அணு புதிதாகப் பிறப்பதும் கிடையாது, அழிவதும் கிடையாது. எந்தச் சந்தேகம் வந்தாலும் "இந்தக் கார்பன் இதற்கு முன்னால் எங்கே இருந்தது, இப்போது எங்கே போகிறது" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கார்பன்னா கரிதானே சார்? அதுக்கு மேல அதுல என்ன இருக்கு?

கரியில் பெரும்பங்கு கார்பன்தான், ஆனால் கார்பன் கரியோடு முடிந்துவிடுவதில்லை. அணுக்கருவில் 6 புரோட்டான் இருந்தால் அது கார்பன், அவ்வளவுதான் விதி. அந்த அணு யாரோடு சேர்ந்திருக்கிறது, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது சர்க்கரையாக, பெட்ரோலாக, பருத்தி நூலாக, பிளாஸ்டிக் குடமாக, சுண்ணாம்புக் கல்லாக, தலைமுடியாக இருக்கும்.

நம் உடம்பு எடையில் ஏறக்குறைய 18 சதவீதம் கார்பன். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குள் கிட்டத்தட்ட 11 கிலோ. தோசை தீய்ந்தால் கறுப்பாவது எதனால் என்று இப்போது தெரிந்திருக்கும், மாவில் இருந்த கார்பன்தான் மற்றதெல்லாம் ஆவியாகிப் போனபின் தனியாக மாட்டிக்கொள்கிறது.

விறகை அடுப்புல வச்சா சாம்பல் வருது, கரிமூட்டத்துல போட்டா கரி வருது. ரெண்டுமே நெருப்புதானே?

வித்தியாசம் காற்றில் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, மண்ணைப் போட்டு மூடி, நெருப்பு வைத்துவிட்டு ஒன்றிரண்டு துளைகளை மட்டும் விடுவார்கள். உள்ளே சூடு ஏறுகிறது, ஆனால் எரிந்து தீர்வதற்கு வேண்டிய ஆக்சிஜன் இல்லை. காய்ந்த மரத்தில் சுமார் பாதி எடை கார்பன், மீதி பெரும்பாலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். சூட்டில் இவை நீராவியாகவும் பலவித வாயுக்களாகவும் பிரிந்து வெளியேறுகின்றன, கொஞ்சம் கார்பனையும் கூட்டிக்கொண்டு. எஞ்சியது கரி.

மூட்டக்காரர்கள் புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார்கள். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை, அது பெரும்பாலும் நீராவி. புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் வேலை முடிகிறது என்று அர்த்தம், உடனே துளைகளை அடைக்க வேண்டும். நடுராத்திரியில் மண் வெடித்து ஒரு சந்து விழுந்து, அதை யாரும் கவனிக்காமல் விட்டால் காற்று புகுந்து அந்தப் பக்கம் முழுக்கச் சாம்பல்தான். அப்போது கரி எங்கே போனது? கார்பன் டை ஆக்சைடாகி வானத்துக்கு. சாம்பல் என்பது மரம் மண்ணிலிருந்து எடுத்த கால்சியம், பொட்டாசியம் போன்றவற்றின் மிச்சம், அதில் கார்பன் கொஞ்சம்தான்.

பென்சில்ல இருக்கறதும் வைரமும் ஒண்ணுன்னு சொல்றாங்களே, நம்புற மாதிரியா இருக்கு?

நம்பத்தான் வேண்டும், எரித்தே பார்த்துவிட்டார்கள். 1772ல் லவாய்சியர் பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். 1797ல் ஸ்மித்சன் டென்னன்ட் வைரத்தை எரித்து வந்த வாயுவை அளந்து, அதே எடைக் கரி எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு தருமோ அவ்வளவே இதுவும் தருகிறது என்று காட்டினார்.

வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் நாலு அணுக்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளினாலும் நகராது. கிராஃபைட்டில் ஒவ்வொன்றும் மூன்று அணுக்களை மட்டும் பிடித்துத் தகடு தகடாக இருக்கிறது. தகட்டுக்குள் பிடி பலம், தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பிடி லேசு, அதனால்தான் காகிதத்தில் இழுத்தால் வழுக்கி ஒட்டிக்கொள்கிறது. நாலாவது எலக்ட்ரான் தகடு முழுக்க உலாவுகிறது, ஆகவே பென்சில் முனையில் மின்சாரம் பாயும், வைரத்தில் பாயாது. (பென்சிலில் இருப்பது சுத்த கிராஃபைட் இல்லை, களிமண் கலந்தது. களிமண் கூடினால் எழுத்து வெளிறும்.) அந்தத் தகட்டில் ஒன்றை மட்டும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்ததுதான் கிராஃபீன், 2004ல் செய்தார்கள், 2010ல் நோபல் பரிசு.

அப்போ நிலக்கரி பூமிக்குள்ள ரொம்ப காலம் கிடந்தா வைரமாயிடும்ல?

ஆகாது. சினிமாவும் ஊக்கப் பேச்சாளர்களும் பரப்பிய கதை இது. நிலக்கரி நிலத்தில் வளர்ந்த செடிகொடிகள் புதைந்து உண்டானது, மேலோட்டுக்குள் அதிக ஆழமில்லாமல் இருப்பது. வைரம் சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே உண்டாகி எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. பெரும்பாலான வைரங்களுக்கு வயது 100 கோடி வருடத்துக்கு மேல், அப்போது நிலத்தில் மரமே கிடையாது.

ஆய்வகத்தில் வைரம் செய்யவும் நிலக்கரி தேவையில்லை, மீத்தேன் வாயுவைப் பிரித்து அதன் கார்பனைப் படலம் படலமாகப் படியவைத்து வளர்க்கிறார்கள். சென்னை ஐஐடிக்கு 2023ல் மத்திய அரசு இதற்கென ஆராய்ச்சி நிதி கொடுத்தது. அது போலி வைரமா என்று கேட்பவர்களுக்கு: நகைக்கடைக்காரருக்கு விலை வேறு, வேதியியலுக்கு இரண்டும் ஒன்று.

118 தனிமம் இருக்கு, கார்பனுக்கு மட்டும் எதுக்குத் தனியா இத்தனை பாடம்?

மற்ற தனிமங்கள் எல்லாம் சேர்ந்து தரும் சேர்மங்களைவிடக் கார்பன் சேர்மங்கள் அதிகம், அதனால்தான். வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான், ஆகவே நாலு பிணைப்பு. தன்னோடு தானே சேர்ந்து நீண்ட சங்கிலி போடும், கிளை விடும், வளையமாகும், ஒற்றை, இரட்டை, மும்மைப் பிணைப்பும் போடும். அந்தப் பிணைப்புகள் சாதாரணச் சூட்டில் உடையாத அளவுக்கு உறுதி, உயிருள்ள செல்லுக்குள் நொதிகள் பிரித்து மாற்றிக்கட்ட முடியாத அளவுக்குக் கெட்டி இல்லை.

இப்படிப்பட்ட பொருள்களை உயிர்தான் உண்டாக்க முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828ல் ஃபிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டைச் சூடாக்கி, சிறுநீரில் மட்டுமே பார்த்திருந்த யூரியாவைச் சோதனைச் சாலையில் எடுத்துக் காட்டினார். இன்றைக்கு மூட்டை மூட்டையாக வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியா.

சிலிக்கானுக்கும் நாலு கைதானே சார்? அதை வச்சு ஏன் உயிர் வரல?

நல்ல கேள்வி. தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கான், ஆனால் அணு பெரிது, சிலிக்கானோடு சிலிக்கான் போடும் பிணைப்பு பலம் குறைவு. ஆக்சிஜனைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பிறகு விடாது. கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வருவது வாயு, தண்ணீரில் கரையும், இலைக்குள் போகும், நுரையீரலிலிருந்து வெளியே வரும். சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வருவது மணல். சிலிக்கானால் ஆன பிராணி மூச்சு விட்டால் மூக்கிலிருந்து மணல் கொட்டும்.

இரும்புக் கடையில "கார்பன் ஸ்டீல்"னு சொல்றாங்களே, இரும்புல கார்பன் எப்படி வந்துச்சு?

உருக்கும்போது கலந்தது. 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எஃகு, 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு தோசைக்கல் கீழே விழுந்தால் வளையாமல் உடைவதற்கு அந்தக் கூடுதல் கார்பன்தான் காரணம்.

இதில் நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். மண் குடுவைக்குள் இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து, வாயை மண்ணால் பூசி உலையில் வைத்ததை 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஐரோப்பியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காற்றுப் புகாத குடுவையில் கட்டை கரியாகிறது (கரிமூட்டக் கதைதான்), அந்தக் கார்பன் இரும்புக்குள் இறங்கி ஒன்று, ஒன்றரை சதவீதம் கார்பன் உள்ள எஃகு கிடைக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இப்படி எஃகு செய்த பழைய தடயங்கள் கிடைத்துள்ளன.

மரம் மண்ணுல இருந்துதானே சத்தெடுத்து வளருது? அப்போ அதுல உள்ள கார்பனும் மண்ணோடதுதானே?

இல்லை, காற்றிலிருந்து. பிளாண்டர்ஸ் நாட்டு வான் ஹெல்மான்ட் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்தார். சுமார் 90 கிலோ மண்ணை உலர்த்தித் தொட்டியில் போட்டு ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் வெறும் தண்ணீர் விட்டார். மரம் 75 கிலோவுக்கு மேல் வளர்ந்திருந்தது, மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார், பாதிதான் சரி. கார்பன் டை ஆக்சைடு இலையின் நுண்துளை வழியாக உள்ளே போய்ச் சர்க்கரையாகிறது, சர்க்கரை மரமாகிறது. மரம் வெளியே விடும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்று தேர்வில் கேட்டால் தண்ணீர் என்று எழுதுங்கள், பாதிப்பேர் இதில்தான் மதிப்பெண் விடுகிறார்கள்.

நாம விடற மூச்சும் கார்பன் டை ஆக்சைடுதான். 800 கோடி பேர் மூச்சு பூமியைச் சூடாக்காதா?

ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிலோ விடுகிறார், கூட்டிப் பார்த்தால் பெரிய எண்தான். ஆனால் முதலில் சொன்ன கேள்வியைக் கேளுங்கள்: அந்தக் கார்பன் எங்கே இருந்தது? காலையில் தின்ற இட்லியில். இட்லிக்கு முன்னால் நெல்லில், நெல்லுக்கு முன்னால் போன வருடக் காற்றில். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், கணக்கு நேர். அந்த நெல்லுக்குப் போட்ட உரமும், பம்புசெட்டும், லாரியும் வேறு கணக்கு.

சரி, அப்போ விறகு எரிக்கறதும் பெட்ரோல் எரிக்கறதும் ஒண்ணுதானா?

விறகின் கார்பன் பத்து, இருபது வருடத்துக்குள் காற்றிலிருந்து வந்தது, வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்ந்தால் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். பெட்ரோல், நிலக்கரியின் கார்பன் கோடிக்கணக்கான வருடமாக மண்ணுக்கடியில் முடங்கிக் கிடந்தது, இன்றைய சுற்றிலேயே அது இல்லை. அதைத் தோண்டி எரிக்கும்போது புதிதாகச் சுற்றில் சேர்க்கிறோம். மேல்நிலைத் தொட்டிக்கு வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் சமமாக இருந்தவரை மட்டம் ஏறவில்லை, இப்போது பக்கத்தில் இன்னொரு குழாயைத் திறந்துவிட்டிருக்கிறோம். நாம் விடுவதில் பாதிக்குச் சற்றே அதிகத்தைக் கடலும் காடும் மண்ணும் இழுத்துக்கொள்கின்றன, மிச்சம் காற்றில் தங்கிவிடுகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான். அதை எரிச்சா ரெண்டே கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு எப்படி வரும்? கணக்கு உதைக்குதே.

உதைக்கவில்லை, ஆக்சிஜனை விட்டுவிட்டீர்கள். ஒரு லிட்டரில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். கார்பன் அணுவின் எடை 12, அதோடு காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன், 16 வீதம் 32, மொத்தம் 44. ஆக 12 கிராம் கார்பனுக்கு 44 கிராம் வாயு, 640 கிராமுக்கு 2.3 கிலோ. அதே கணக்கில் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்தால் 42 கிலோவுக்குக் குறையாமல் வாயு போயிருக்கும். சிலிண்டர் காலியாகும், எடை காற்றில் கூடும்.

காத்துல அது 0.04 சதவீதம்தான். அவ்வளவு கொஞ்சம் என்னத்தைப் பண்ணிடும்?

மீதி 99 சதவீதம், அதாவது நைட்ரஜனும் ஆக்சிஜனும், தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிரைத் தடுப்பதே இல்லை. தடுக்கும் வேலையைச் செய்வது நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற சில மட்டும்தான். 1856ல் யூனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு உள்ள குழாய் அதிகம் சூடாவதைப் பார்த்தார். 1859ல் ஜான் டிண்டல் எந்த வாயு எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று அளக்கத் தொடங்கினார். இந்த வாயுக்களே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விடும், ஆகவே அது இருப்பது தப்பில்லை, கூடுவதுதான் சிக்கல்.

எவ்வளவு கூடியிருக்கிறது? தொழிற்சாலைகளுக்கு முந்தைய காலத்தில் பத்து லட்சத்தில் 280 பங்கு. 1958ல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 வாக்கில், இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்த வரைபடம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் இறங்கி ஏறும், வட பாதி உலகத்தில் கோடையில் இலை துளிர்த்து இழுப்பதும் குளிரில் இலை உதிர்ந்து மக்குவதும் அதில் தெரியும். ஒவ்வொரு ஏற்றமும் போன ஏற்றத்துக்கு மேலே போய் நிற்கிறது.

எல்லாரும் ஆளுக்கொரு மரம் நட்டா சரியாப் போயிடும்ல?

நடுங்கள், நிழலாவது கிடைக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். காய்ந்த எடையில் ஒரு டன் வருகிற பெரிய வேம்பு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது அரை டன் கார்பன், மேலே பெட்ரோலுக்குச் சொன்ன 44க்கு 12 கணக்குப்படி சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு. மாதம் 20 லிட்டர் பெட்ரோல் போடும் ஒரு பைக் அதை மூன்றே கால் வருடத்தில் வெளியே விட்டுவிடும். அப்புறம் அந்த வேம்பு செத்து மக்கினாலோ எரிந்தாலோ பெரும்பகுதி திரும்பக் காற்றுக்குத்தான். நின்றிருக்கும் காட்டை வெட்டாமல் விடுவது, கன்று நட்டுப் போட்டோ எடுப்பதைவிடப் பெரிய வேலை.

சுண்ணாம்புலயும் கார்பன் இருக்குன்னு புக்ல போட்டிருக்கு. வெள்ளையா இருக்கே?

இருக்கிறது. பூமியின் மேலோட்டில் உள்ள கார்பனில் மிகப் பெரும்பங்கு பாறையில்தான் கிடக்கிறது. டைனோசர் காலத்தில் அரியலூர் கடலாக இருந்தது, அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள் படிந்த சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்றைக்குச் சிமெண்ட் ஆலைகள் வெட்டுகின்றன. 100 கிலோ சுத்தச் சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் கிடைப்பது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரிப் புகை இதில் சேராது, அது தனி. சிமெண்டின் கணக்கு பெரிதாக இருப்பது இதனால்தான். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால் காற்றிலிருந்து அதே வாயுவை மெதுவாகத் திரும்ப எடுத்துக் கல்லாக இறுகும்.

மாம்பழத்துக்கு வைக்கிற கார்பைடு கல்லும் இதே கார்பன்தானா? அப்புறம் ஏன் தடை?

கால்சியமும் கார்பனும் சேர்ந்த கல் அது. காகிதத்தில் மடித்துக் கூடைக்குள் வைப்பார்கள், ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு வரும், அது காயை ஏமாற்றிப் பழுக்கவைக்கும். மாங்காய் தானாகப் பழுக்கும்போது சுரப்பது எத்திலீன், அதுவும் இரண்டு கார்பன் உள்ள வாயுதான். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்படம் உண்டு, பூண்டு மாதிரி ஒரு நாற்றம் வருவது அதனால்தான். உணவுப் பாதுகாப்பு விதிகளில் 2011 முதல் தடை எழுத்திலேயே இருக்கிறது, அளவோடு எத்திலீன் வாயு விட்டுப் பழுக்கவைக்க அனுமதி உண்டு. தோல் முழுக்க ஒரே மஞ்சள், அறுத்தால் உள்ளே வெள்ளையும் புளிப்பும் என்றால் சந்தேகப்படுங்கள். வீட்டில் வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்து வைப்பது அதன் எத்திலீனை அதற்கே தேக்கிக் கொடுப்பதுதான்.

ஒரே ஒரு ஆக்சிஜன் குறைஞ்சா கார்பன் மோனாக்சைடு. அதுக்கா இவ்வளவு விஷம்?

அந்த ஒன்றுதான் ஆளைக் கொல்கிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் கெட்டியாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஆக்சிஜனுக்கு இடமில்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, தலைவலியும் தூக்கமும்தான் வரும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரி அடுப்பை அறைக்குள் எடுத்து வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி அவ்வப்போது வருகிறது. கரி புகையில்லாமல் எரிகிறதே என்று நம்பி ஏமாறுகிறார்கள். தயவுசெய்து மூடிய அறையில் கரி வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம்.

தண்ணி ஃபில்டர்ல கார்பன் இருக்குன்னு விக்கிறாங்க. வீட்டுக் கரியைப் போட்டாப் போதாதா? உப்பும் போகுமா?

வீட்டுக் கரி போதாது. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, பிறகு 800, 900 டிகிரியில் நீராவியைச் செலுத்தி அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைகிறார்கள். ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர். குளோரின் வாடை, நிறம், பல பூச்சிமருந்துகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கரைந்த உப்பு ஒட்டாது, ஆகவே உப்புத் தண்ணீர் உப்பாகவே வரும். துளைகள் நிறைந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், கழுவி வெயிலில் காயவைத்தால் சரியாகாது.

கீழடிப் பானை ஓட்டுக்குக் கார்பன் வச்சு வயசு சொன்னாங்களே, ஓட்டுல ஏது கார்பன்?

வயது பார்த்தது ஓட்டுக்கு அல்ல, அதே மண்ணடுக்கில் கிடந்த கரித்துண்டுக்கு. விண்வெளிக் கதிர்களால் மேல் வளிமண்டலத்தில் நைட்ரஜன் கார்பன்-14 ஆக மாறுகிறது (அதுவும் 6 புரோட்டான் உள்ள கார்பன்தான், ஆனால் எடை கூடியது, மெதுவாகச் சிதைந்துகொண்டே இருக்கும்), செடி அதையும் சேர்த்து உறிஞ்சுகிறது, செடியைத் தின்னும் நமக்குள்ளும் வருகிறது. செத்தபின் புது வரவு கிடையாது, உள்ளே இருப்பது 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சத்தை அளந்தால் எப்போது செத்தது என்று தெரியும். 1940களின் கடைசியில் வில்லார்டு லிப்பி கொண்டுவந்த முறை, 1960ல் நோபல் பரிசு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்துக் கரிக்குக் கி.மு. 580 என்றும், சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்றும் வந்தது இப்படித்தான். உயிரில்லாத கல்லுக்கு நேரடியாக வயது பார்க்க முடியாது. 50,000 வருடத்துக்கு மேல் போனாலும் அளப்பதற்கு மிச்சம் இருக்காது.

அப்போ நிலக்கரிக்கு இந்த முறையில வயசு பார்த்தா என்ன வரும்? காத்துல கூடினது நாம எரிச்சதுதான்னு எப்படிச் சொல்றாங்க?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். கோடி வருடம் பழைய நிலக்கரியிலும் பெட்ரோலிலும் கார்பன்-14 கிட்டத்தட்ட பூஜ்யம். அதை எரித்தால் கார்பன்-14 இல்லாத கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்ந்து, காற்றில் இருக்கும் கார்பன்-14 விகிதத்தை நீர்த்துப்போக வைக்கும். ஹான்ஸ் சூஸ் 1950களில் மரத்தின் ஆண்டு வளையங்களில் இதைக் கண்டுபிடித்தார். எரிமலைக் கார்பனிலும் கார்பன்-14 கிடையாதே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் கார்பன்-13இன் (எடை சற்றே கூடிய, ஆனால் சிதையாத கார்பன்) விகிதமும் சேர்ந்து குறைகிறது, செடியிலிருந்து வந்த எரிபொருளில் அது குறைவு, எரிமலை வாயுவில் அவ்வளவு குறைவு இல்லை. கூடவே ஆக்சிஜனும் எரிப்புக்கு ஏற்ற அளவில் குறைந்துவருகிறது.

நடுவில் 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14ஐக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கி இந்தக் கணக்கைக் குழப்பின, அந்த மிகுதி இப்போது வடிந்துவிட்டது. எரிப்பது குறையாமல் போனால் 2050 வாக்கில் புதுப் பருத்திச் சட்டைக்கும் ஆயிரம் வருடப் பழைய துணிக்கும் கார்பன்-14 ஒரே வயதைக் காட்டும் என்று 2015ல் ஒரு கணக்கு வெளியானது.